சுத்தியல் என்று பெயர் வைத்தவர்கள்

ஒரு பொருள் உடைந்துபோனால் அதைச் செய்தவரை யாரும் கேட்பதில்லை, விற்றவரையும் கேட்பதில்லை. உடையும்போது அது யார் கையில் இருந்ததோ, அவரைத்தான் கேட்கிறார்கள்: "எப்படிப் பிடிச்சீங்க?" இந்தக் கேள்வியை ஓராண்டு முழுவதும் காதால் கேட்டுச் சலித்த ஒரு பெண்மணியைப் பற்றி இங்கே எழுதுகிறேன். கேட்டவர்கள் அனைவரும் நலமாகத்தான் இருக்கிறார்கள். ஆகவே எழுதத் தயங்க வேண்டியதில்லை.

எங்கள் அடுக்குக் குடியிருப்பில் அவருக்குக் கிரேன் அக்கா என்று பெயர். துறைமுகத்துச் சரக்கு முற்றத்தில் கிரேன் ஓட்டுகிறார். தரையிலிருந்து வெகு உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு; காலடியிலும் கண்ணாடிதான். இரண்டு கைகளிலும் இரண்டு கைப்பிடிகளைப் பிடித்துக்கொண்டு, முழங்கால்களுக்கு இடையே கீழே பார்த்தபடியே வேலை முழுவதும் உட்கார்ந்திருக்க வேண்டும். கீழே நிற்கும் லாரியின் ஓட்டுநர் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போதே அவர் வண்டியின்மேல் ஒரு கன்டெய்னர் வந்து அமர்ந்துவிடும். குவளையில் தேநீர் தளும்பாது. கன்டெய்னரை 'வைப்பது' என்று அங்கே சொல்வதில்லை. அக்கா பணிமுறையில் இருந்தால், 'படுக்க வைப்பது' என்று சொல்வார்களாம். அப்படிப்பட்ட கைக்குத்தான் சுத்தியல் என்று பெயர் வைத்தார்கள்.

அந்தப் பெயர் வந்த இடம், சலவைக் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் ஆட்டக்கூடம். திரையில் இரண்டு வீரர்கள் மோதிக்கொள்ளும் சண்டை விளையாட்டுகள்தாம் அங்கே பிரதானம். வேலை முடிந்து வாரத்தில் சில மாலைகள் அக்கா அங்கே போவார். ஆட்டத்தை எல்லோரும் போலக் கைக்குள் அடங்கும் கருவியில் ஆடமாட்டார். காசு போட்டு ஆடும் பழைய பெரிய இயந்திரங்களில் இருந்ததைப் போல, இடப்பக்கம் குமிழ் வைத்த ஒரு ஸ்டிக், வலப்பக்கம் இரண்டு வரிசைப் பட்டன்கள் கொண்ட தட்டையான பெட்டியை மடியில் வைத்துத்தான் ஆடுவார். கைப்பிடியைப் பிடித்தே பழகியவருக்கு அதுதான் கைக்கு வந்தது.

சென்ற ஆண்டு கூடத்துப் போட்டியின் அரையிறுதியில் அவருடைய பெட்டியில் உதைக்கும் பட்டன் உள்ளே போய்ச் சிக்கிக்கொண்டது. திரையில் அவருடைய வீரன் எதிரியை விட்டுவிட்டு வெறும் காற்றை உதைத்துக்கொண்டே நின்றான். கூடம் குலுங்கக் குலுங்கச் சிரித்தது. கருவி பழுதானால் பொறுப்பு ஆடுபவருடையது என்று நடுவர் தீர்ப்புச் சொன்னார். அது விதி, அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "சுத்தியலால அடிச்சா பட்டன் என்ன பண்ணும்?" என்றது. அவ்வளவுதான், பெயர் ஒட்டிக்கொண்டது.

அன்று அவரை வென்றவருக்குப் பஞ்சு என்று பெயர். துணிக்கடையில் விற்பனையாளர். பட்டனைத் தடவுவதுபோல் ஆடுவார், ஓசையே கேட்காது. ஒரு பெட்டித் தயாரிப்பு நிறுவனம் அவருக்கு இலவசமாகப் பெட்டி கொடுத்து, அதைப் பிடித்தபடி அவர் சிரிக்கும் படத்தைக் கூடத்துச் சுவரில் மாட்டியிருந்தது. சுத்தியலும் பஞ்சும் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பதற்குக் கூடத்துக்கு வசதியாகப் போயிற்று.

இந்த ஆண்டுப் போட்டியில் வெல்லும் ஒருவருக்கு, வெளிநாட்டில் நடக்கும் பெரிய போட்டிக்குப் போகும் வாய்ப்பு என்று அறிவித்தார்கள். ஒரே ஓர் இடம். அக்காவுக்கு அந்த இடம் வேண்டியிருந்தது. அதைவிட, தோற்றாலும் தன் ஆட்டத்தால் தோற்க வேண்டும், பட்டனால் தோற்கக்கூடாது என்ற பிடிவாதம் இருந்தது. ஆகவே நீடித்து உழைக்கிற பெட்டி ஒன்றைத் தேர்ந்தெடுப்பது என்று இறங்கினார்.

கடைக்குத் துணையாகப் போனவர் அவருடைய நாத்தனார். அண்ணன் வீட்டிலேயே தங்கி, மருத்துவமனை ஆய்வகம் ஒன்றில் வேலை பார்ப்பவர். வீட்டில் அக்காவுக்குப் பயிற்சி எதிரியும் அவர்தான். திரையில் அடித்துக்கொள்வதற்கும் வாயால் அடித்துக்கொள்வதற்கும் அந்த வீட்டில் பெரிய வேறுபாடு கிடையாது.

கடையில் பெட்டிகளை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். அக்கா எதையும் படிக்கவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"என்ன அண்ணி, முட்டைக்கோஸ் வாங்குற மாதிரி தூக்கிப் பாக்குறீங்க?" என்றார் நாத்தனார்.

"கனம் இருந்தா உள்ள சரக்கு இருக்குன்னு அர்த்தம். நீ சும்மா இரு."

அவரைக் குறைசொல்ல முடியாது. அவருடைய தொழிலில் சரக்குச் சீட்டில் என்ன எழுதியிருந்தாலும் அதை நம்பித் தூக்கமாட்டார்கள். காலி என்று எழுதியிருக்கும். தூக்கினால் கூண்டிலிருக்கும் எடைகாட்டி வேறு கதை சொல்லும். எழுத்தைவிட எடையை நம்பு என்பது அவர் கையில் ஊறிய பாடம். இருந்தவற்றிலேயே மிகவும் கனமான பெட்டியின் முன்னால் நின்றார். அது பஞ்சுவின் படத்தில் இருக்கும் அதே பெட்டி.

"இது டேங்க் மாதிரி மேடம்," என்றார் கடை விற்பனையாளர். "ஒரு பட்டனைக் கோடி தடவை அமுக்கினாலும் ஒண்ணும் ஆகாது."

"யாரு எண்ணினா?" என்று கேட்டார் நாத்தனார்.

"கம்பெனில எண்ணியிருப்பாங்க மேடம்."

"எண்ணி முடிச்ச ஆளு உயிரோட இருக்காரா?"

விற்பனையாளர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை, அவர் பெட்டியை ஏற்கெனவே இடுப்பில் ஏற்றிக்கொண்டுவிட்டார். விலையும் பெட்டியின் கனத்துக்குக் குறையாமல்தான் இருந்தது.

இரண்டாம் வாரத்தில் பெட்டி பேச ஆரம்பித்தது. சாய்த்தால் உள்ளே ஏதோ நகர்ந்து 'டொக்' என்றது. மறுநாள் ஸ்டிக் ஒருபக்கம் சாய்ந்து நின்றது. அதற்கடுத்த நாள் வலப்பக்கம் தள்ளினால் வீரன் நகரவே இல்லை.

அக்காவின் கணவர் தையல்காரர். வாங்கிய உடைகளை அளவுக்குத் திருத்திக் கொடுப்பவர். வீட்டுக் கூடத்து நாற்காலிகளில் எல்லாம் யாருடைய கால்சட்டையாவது தொங்கும். அன்று மாலை அவற்றை ஒதுக்கிவிட்டுப் பெட்டியை மேசைமேல் கவிழ்த்தார்கள். அடிப்பக்கத்துத் திருகுகளில் ஒன்றின்மேல் ஒரு ஸ்டிக்கர்: இதைக் கிழித்தால் உத்தரவாதம் செல்லாது. பொருளை வாங்கியவர் அதன் உள்ளே பார்ப்பது குற்றம் என்று எழுதி ஒட்டும் துணிச்சல் இந்த வியாபாரிகளுக்கு எங்கிருந்து வந்தது? நாம் காசு கொடுத்து வாங்கிய பொருளின் வயிற்றுக்குள் அப்படி என்ன ரகசியம்?

"கிழிக்காம எடுக்க முடியுமா, பாருங்க," என்றார் அக்கா.

கணவர் தையல் பிரிக்கும் கூர்முள்ளால் ஓரத்தை மெல்ல நெம்பினார். ஸ்டிக்கர் அவர் பக்கம் பாதியும் பெட்டியின் பக்கம் பாதியுமாக வந்தது.

"ஒரு ஸ்டிக்கரைக்கூட ஒழுங்கா எடுக்கத் தெரியலையா அண்ணா? நீயெல்லாம் எப்படிக் காலர் பிரிக்கிற?"

"கிழியிறதுக்குன்னே செஞ்சிருக்கான்மா. இந்த ஸ்டிக்கர் ஒண்ணைத்தான் அவன் ஒழுங்கா செஞ்சிருக்கான்."

மூடியைத் தூக்கினார்கள். உள்ளே முக்கால்வாசி வெறும் வெற்றிடம். பட்டன்கள் எல்லாம் ஒரே மெல்லிய மின்சுற்று அட்டையில் ஈயம் வைத்துப் பற்றவைக்கப்பட்டிருந்தன. ஒன்று கெட்டால் ஒன்றை மாற்ற வழியில்லை. ஸ்டிக் நின்ற அடித்தட்டு மெலிந்த பிளாஸ்டிக். நடுவில், எந்த ஒயரோடும் எந்தத் திருகோடும் தொடர்பில்லாமல், ஓர் இரும்புத் துண்டு. பசையால் ஒட்டியிருந்தார்கள். பசை விட்டுப்போய், துண்டு உள்ளேயே அலைந்து, ஸ்டிக்கின் அடித்தட்டை இடித்து இடித்து விரிசல் விட வைத்திருந்தது.

"இது எதுக்கு?" என்றார் கணவர்.

நாத்தனார்தான் தாழ்ந்த குரலில் சொன்னார்: "கனத்துக்கு, அண்ணா."

அக்கா அந்தத் துண்டைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, பெட்டியை மறு கையால் தூக்கிப் பார்த்தார். பெட்டி மற்றப் பெட்டிகளைவிட இலேசாக இருந்தது. "என் தொழிலை வச்சே என்னை ஏமாத்திட்டான்," என்றார். அண்டை வீட்டார் என்ற முறையில் திறந்திருந்த கதவு வழியே எனக்கும் அந்தத் துண்டைக் காட்டினார்கள். நல்ல இரும்பு. அந்தப் பெட்டியிலேயே தரமான பொருள் அதுதான்.

பாரம் தாங்குவதற்கு இரும்பு வைப்பவர்கள் உண்டு. தரமாக இருப்பதாக நடிப்பதற்கு இரும்பு வைக்கிறவர்களை என்னவென்று சொல்வது? அதே இரும்பின் செலவில் நான்கு நல்ல பட்டன்களை வைத்திருக்கலாமே! வைக்கவில்லை, ஏனென்றால் கடையில் வாங்குபவர் பட்டனைத் தூக்கிப் பார்ப்பதில்லை.

மறுநாள் கடையில் அந்த விற்பனையாளர் முதலில் பார்த்தது ஸ்டிக்கரைத்தான். "பிரிச்சிட்டீங்களே மேடம்."

"பிரிச்சதாலதானே இது தெரிஞ்சுது," என்று அக்கா இரும்பை எடுத்து மேசைமேல் வைத்தார்.

விற்பனையாளர் உள்ளே போய் நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசிவிட்டு வந்தார். முகத்தை எங்கோ திருப்பிக்கொண்டு சொன்னார்: "அது பெட்டி ஆடாம நிக்கிறதுக்காக வச்சதாம். அப்புறம்... உங்க கை கொஞ்சம் அழுத்தமா இருக்கும்போலன்னு சொல்றாங்க."

"என் கையை அவங்க எங்க பாத்தாங்க?"

அவர் இரும்பை அக்கா பக்கமே தள்ளி வைத்தார். தொலைபேசியில் கை தெரியாது என்பது அவருக்கும் தெரியும்.

இந்த முறை தேடல் வேறு விதமாக நடந்தது. காசு போட்டு ஆடும் இயந்திரங்களுக்கு உதிரிபாகம் விற்கும் ஓர் அம்மாவின் கடையைக் கூடத்தில் யாரோ சொல்லியிருந்தார்கள். குறுகிய சந்து, கடை முழுவதும் பட்டன்களும் ஸ்டிக்குகளும் பருப்பு வகைகளைப்போல் டப்பாக்களில் கொட்டிக் கிடந்தன. அந்த அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டார்: "என்ன வேணும்?"

"உடையாத பெட்டி வேணும்," என்றார் அக்கா.

"அது இங்க இல்ல. எங்கயும் இல்ல. எல்லாம் உடையும். உடையலைன்னா எனக்குப் பொழப்பு எப்படி நடக்கும்?"

நாத்தனாருக்கு அந்த அம்மாவை உடனே பிடித்துப்போயிற்று. "உடைஞ்சா மாத்திக்கிற மாதிரி இருக்கா?"

"அப்படிக் கேளு."

அவர் எடுத்துக் கொடுத்த பெட்டிக்குப் பெயரும் இல்லை, படமும் இல்லை. ஒட்டுப்பலகைச் சட்டம், மேலே வளையாத உலோகத் தகடு. அடிப்பக்கம் கீல் வைத்த கதவுபோல் திறந்தது. ஒவ்வொரு பட்டனும் தனித்தனி. விரலால் நெம்பினால் வெளியே வந்தது. ஒவ்வொன்றின் பின்னும் செருகி எடுக்கும் இரண்டு ஒயர்கள். ஸ்டிக் உலோகச் சட்டத்தில் திருகியிருந்தது. கேபிளைக் கழற்றி மாற்றலாம். இழுபட்டால் உருவிக்கொள்ளாதபடி பூட்டும் வளையம் இருந்தது. மணிக்கட்டு படும் ஓரத்தை உருட்டி வழவழப்பாக்கியிருந்தார்கள். எல்லாம் சரிதான். ஆனால் அக்கா பெட்டியைத் தூக்கினார், முகம் சுண்டிப்போயிற்று.

"காத்து மாதிரி இருக்கே."

"அப்ப அந்த இரும்பை எடுத்து இதுல ஒட்டிக்கலாமா அண்ணி?"

அக்கா அவரை முறைத்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நாத்தனாரும் அதேபோல் ஒன்று வாங்கிக்கொண்டார். அண்ணிக்கு நல்ல பெட்டியும் தனக்கு ஓட்டைப் பெட்டியுமாகப் பயிற்சி செய்தால், ஜெயித்தாலும் மரியாதை இல்லை என்பது அவர் கட்சி. மடியில் வழுக்காமலிருக்கக் கணவர் இரண்டுக்கும் அடியில் சொரசொரப்பான தடித்த துணியை வெட்டி ஒட்டிக் கொடுத்தார். ஆனாலும் இலேசான பெட்டியை அக்கா மனதார நம்பவில்லை. போட்டிக்கு முந்திய வாரம் பயிற்சியின்போது ஒரு பட்டன் செத்துப்போயிற்று. நாத்தனார் வாய் திறப்பதற்குள் அக்கா அடிக்கதவைத் திறந்து, பட்டனைத் தள்ளி, வேறொன்றைச் செருகி, மூடிவிட்டார். அடுப்பில் வைத்த பால்கூடப் பொங்கவில்லை. அன்றைக்குத்தான் அந்தப் பெட்டி அவருடையதாயிற்று.

போட்டி நாளில் கூடம் நிரம்பி வழிந்தது. மேடைக்குப் பின்னால் அந்த நிறுவனத்தின் பெயர் எழுதிய பெரிய துணி. அக்கா ஒவ்வோர் ஆட்டமாக வென்று இறுதிக்கு வந்தார். எதிரே பஞ்சு. வெளிநாட்டுக்குப் போகும் இடத்துக்கும் அக்காவுக்கும் நடுவே இன்னும் ஓர் ஆட்டம்தான். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேடையேறும்போது அமைப்பாளர் கையைக் குறுக்கே நீட்டினார்.

"மேடம், இறுதி ஆட்டம் மட்டும் கம்பெனி பெட்டியிலதான். ரெண்டு பேருக்கும் புதுசு வச்சிருக்கோம்."

"இதை முன்னாடி சொல்லலையே?"

"விளம்பர ஒப்பந்தம் மேடம். காலைலதான் கையெழுத்தாச்சு."

பக்கத்தில் கழுத்தில் டை கட்டிய நிறுவனப் பிரதிநிதி புன்னகையோடு நின்றார். "பயப்படாதீங்க மேடம். டேங்க் மாதிரி."

"அப்ப அடியைத் திறந்து காட்டுங்க. உள்ள என்ன இருக்குன்னு எல்லாரும் பாக்கட்டும். நான் ஆடுறேன்."

"அது... ஸ்டிக்கர் இருக்கு மேடம்."

"உங்க ஸ்டிக்கர்தானே? நீங்களே கிழிக்கலாமே!"

பின்வரிசை சும்மா இருக்குமா? "சுத்தியல் பயந்துடுச்சு!" என்று ஒருவர், "பெட்டி மேல பழி போடாதீங்க!" என்று இன்னொருவர். ஆடமாட்டேன் என்றால் தோற்றவராக அறிவிக்க வேண்டியிருக்கும் என்று அமைப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தார். முன்னறிவிப்பில்லாமல் விதியை மாற்றியவர் அவர். குற்றவாளியைப்போல் நிற்க வேண்டியவர் அக்கா! அவர் அசையாமல் நின்றார். முகம் சிவந்திருந்தது, ஆனால் குரல் ஏறவில்லை.

"ஆமா, பயம்தான். போன வருஷம் பட்டன் தோத்துச்சு, பேரு எனக்கு வந்துச்சு. இந்த வருஷமும் அதே வேணாம்னு பாக்குறேன். இதுல என்ன தப்பு?"

அப்போதுதான் மேடைமேல் உட்கார்ந்திருந்த பஞ்சு எழுந்தார். ஒலிவாங்கி அவர் சட்டையில் மாட்டியிருந்ததை அவர் மறந்துவிட்டார் என்றே நினைக்கிறேன்.

"எனக்கு இது அஞ்சாவதுங்க," என்றார்.

"என்ன அஞ்சாவது?" என்றார் நடுவர்.

"பெட்டிதான். நாலு போயிடுச்சு. ஒண்ணு போனா உடனே வேற குடுத்துடுவாங்க. வெளிய மட்டும் சொல்லாதேன்னாங்க. எல்லாரும் அக்கா கையைத்தான் சொன்னாங்களா... நானும் விட்டுட்டேன்."

பிரதிநிதியின் புன்னகை எங்கே போயிற்று என்று தெரியவில்லை. நாத்தனார் நாற்காலியிலிருந்து எழுந்து பின்வரிசையைப் பார்த்துக் கேட்டார்: "பஞ்சே நாலு உடைச்சிருக்கு! எங்க அண்ணியையா சுத்தியல்ங்கறீங்க? இப்ப பேசுங்களேன், பாப்போம்!"

ஓராண்டு பேசிய வாய்கள்! மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல அவற்றில் ஒன்றுக்கும் சொல் கிடைக்கவில்லை.

அமைப்பாளரும் பிரதிநிதியும் ஒதுங்கி நின்று காதோடு காதாகப் பேசினார்கள். பிறகு, அவரவர் பெட்டியில் அவரவர் ஆடலாம் என்று அறிவித்தார்கள். அக்காவுக்குப் பெட்டி இருந்தது. பஞ்சுவுக்குச் சொந்தமாக ஒன்றுமில்லை. இலவசத்தின் மகிமை அது. கம்பெனிப் பெட்டியைத் தொட மனமில்லாமல், அவர் வெறுங்கையோடு விழித்தார். அக்கா நாத்தனாரைப் பார்த்தார். நாத்தனார் முணுமுணுத்துக்கொண்டே, அவசரத்துக்கு உதவும் என்று எடுத்துவந்திருந்த தம் பெட்டியை மேடையில் கொண்டுபோய் வைத்தார்.

"இந்தா. நல்லா அமுக்கியே ஆடு, தடவாத. போனா மாத்திக்கலாம்," என்றார் பஞ்சுவிடம்.

"தேங்க்ஸ்ங்க."

"தேங்க்ஸ் எல்லாம் வேணாம். தோத்துட்டு எறங்கு, போதும்."

ஆட்டம் கடைசிச் சுற்று வரை போயிற்று. இருவரில் யார் இன்னும் ஓர் அடி வாங்கினாலும் தோல்வி. அக்காவின் வீரன் பொறுத்திருக்க வேண்டிய நேரத்தில் எகிறிப் பாய்ந்தான். பஞ்சு அதற்காகவே குனிந்திருந்தார். காற்றிலேயே அடி விழுந்தது, அக்கா தோற்றார்.

அக்கா மடியிலிருந்த பெட்டியின் பட்டன்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார். ஸ்டிக்கை நாலாபக்கமும் தள்ளிப் பார்த்தார். "எல்லாம் வேலை செய்யுது," என்றார். "நான்தான் குதிச்சேன். குதிச்சிருக்கக்கூடாது." பஞ்சுவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். வீடு திரும்பும் வழியில் நாத்தனார், "என் பெட்டிகிட்டதான் தோத்தீங்க அண்ணி, ஞாபகம் வச்சுக்கோங்க," என்றார். அக்கா அவர் தலையில் ஒன்று வைத்தார். அன்றிரவு அந்த வீட்டில் கோபம் இல்லை.

கோபம் அடுத்த வாரம் வந்தது. பேருந்து நிறுத்தங்களில் விளம்பரம்: பஞ்சு கோப்பையோடு சிரிக்கிறார், கீழே அந்த நிறுவனத்தின் பெயரும், 'வெற்றியாளரின் தேர்வு' என்ற வாசகமும். மடியில் நாத்தனாரின் பெட்டி இருந்த படம் அது. மார்புக்குக் கீழே வெட்டிவிட்டார்கள். உடையும் பொருளை விற்பதாவது வியாபாரம் என்று வைத்துக்கொள்வோம். அது உடையும் என்று ஊரறியச் சொன்ன மனிதனின் முகத்தையே அதற்குச் சாட்சியாக ஒட்டுவதற்கு என்ன பெயர்?

அக்காவின் கணவர் அன்று கூட்டத்திலிருந்து எடுத்த படம் ஒன்று இருந்தது. சற்றுச் சாய்ந்த படம்தான், ஆனால் முழுப்படம். கோப்பை, பஞ்சு, மடியில் பெயரில்லாத ஒட்டுப்பலகைப் பெட்டி எல்லாம் அதில் இருந்தன. அக்கா அதைப் பெரிதாக அச்சடித்துச் சுருட்டி எடுத்துக்கொண்டு, முதல் பெட்டி வாங்கிய கடைக்கே போனார். நுழைவாயிலில் அதே விளம்பரம் தொங்கியது. அதே விற்பனையாளர் நின்றிருந்தார்.

"இதை அது பக்கத்துல ஒட்டுங்க," என்றார்.

விற்பனையாளர் படத்தை விரித்துப் பார்த்தார், விளம்பரத்தைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் முதலாளி யாரோடோ பேசிக்கொண்டிருந்தார்.

"வாசல்ல ஒட்டினா எனக்கு வேலை போயிடும் அக்கா," என்றார். மேடம் என்பது எப்போது அக்கா ஆயிற்று என்று இருவருமே கவனிக்கவில்லை. "பில் போடுற இடத்துல ஒட்டுறேன். காசு குடுக்குறதுக்கு முன்னாடி எல்லாரும் அங்கதான் நிக்கணும்."

அக்கா யோசித்தார். "கண் மட்டத்துல ஒட்டுங்க," என்று சொல்லிவிட்டு, ஒட்டி முடிக்கும் வரை அங்கேயே நின்றார்.